ஜீரோவை மட்டும் பார்த்தவன்

போன ஆண்டு ஆடி மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில் நடந்தது இது.

நாங்கள் வேப்பம்பட்டில் குடியிருக்கிறோம். நான் வேதியியல் படித்தவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். என் மகள் இப்போது அதே தொழிற்பேட்டையில் வேறொரு தொழிற்சாலையில் பொறியாளர். நான் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போன ஊருக்கு அவள் சொந்தக் காரில் போகிறாள். அதுவும் டர்போ இன்ஜின் வைத்த சிவப்புக் கார். மிதித்தால் பாயும். பல வருடங்கள் சேர்த்து வைத்து, அவளே தேர்ந்தெடுத்து வாங்கியது.

ஞாயிறுதோறும் அந்தக் காரைக் கழுவித் துடைத்து, டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது என் வேலை. பெட்ரோல் என் செலவு என்று அடம்பிடித்து நானாக வாங்கிக்கொண்ட வேலை அது. மகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"பிரீமியம் பெட்ரோல்தாம்ப்பா போடணும். சாதா போட்றாத."

சரி என்றேன். போட்டது சாதா.

கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கர்வம். என் பழைய சின்னக் காரில் ஒருமுறை பிரீமியம் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்தக் காருக்கு அது உண்மையும்கூட. அதை வைத்துக்கொண்டு எல்லாக் காருக்கும் அப்படித்தான், மற்றதெல்லாம் விளம்பரம் என்று முடிவு கட்டிவிட்டேன். வேதியியல் படித்தவனுக்கு யார் சொல்ல முடியும்?

பங்க்கில் பெட்ரோல் போடும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஆந்திர எல்லையோரத்து ஊர்க்காரி. அப்பா என்ற அர்த்தத்தில் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "நைனா, ஜீரோ பாத்துக்கோ" என்பாள். ஏமாந்துவிடக் கூடாதே என்று நானும் கண்ணாடியை இறக்கி, மீட்டரில் ஜீரோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஆனால் டேங்க் மூடியின் உள்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்த மகளின் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, வண்டி முன்ன மாதிரி இழுக்கலப்பா. மிதிச்சா டிக்டிக்குனு சத்தம் வருது. பெரியபாளையம் ரோட்ல ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணப் போனேன், ஏறவே மாட்டேன்னுது. எதிர்ல பஸ்ஸு. பயந்தே போய்ட்டேன்."

நான் போட்ட சாதாதான் காரணமோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் வாயில் வந்தது வேறு: "நீ ஓட்ற ஓட்டத்துக்கு எந்த வண்டிம்மா தாங்கும்?"

அந்த வாரமே வண்டியை சர்வீஸுக்கு விட்டாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, இந்த இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் போகவில்லை, அதனால் இன்ஜினே தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்துக்கொள்கிறது என்று சொல்லி அனுப்பினார்களாம். அப்பா மாற்றிப் போட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "உன்ன நல்லா ஏமாத்தியிருக்காங்கப்பா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பங்க்குக்குப் போனாள். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மகள் இறங்கிப்போய் விவரம் சொன்னதும், பங்க் மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, பிரீமியம் கேட்டா சாதா அடிச்சிக்கினு இருக்கியா? மிச்சத்த யாரு பாக்கெட்ல போட்ற? யூனிபார்ம கயட்டி வெச்சிட்டு ஊட்டுக்குக் கெளம்பு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்சீட்டில் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தேன். 'இந்தப் பெரியவர்தான் சாதா கேட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை தப்பும். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "தெர்ல சார்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெல்ட்டைக் கழற்றினேன். இறங்கினேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. வாரா வாரம் சாதா போடச் சொன்னதே நான்தான்."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா பெரியவரே, பேஜார் பண்ணிட்டியே" என்றவர், அவளிடம் "சரி, போய் வண்டியப் பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மகள் என்னைத் தாண்டிப் போனாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரிக்கா. ஏன்க்கா நீ சொல்லல?"

"நீ குடுக்கற காசுல நைனா கொஞ்சம் மிச்சம் புடிச்சி டீ கீ குடிக்குதுன்னு நெனச்சேன்க்கா. எங்க நைனாவும் அப்டித்தான் பண்ணும். சொன்னா ஊட்ல வெச்சித் திட்டுவியேன்னு..."

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் டேங்க் மூடியைத் திறந்தாள். உள்பக்கம் சின்ன ஸ்டிக்கரில் 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல், அதாவது பிரீமியம், போடும்படி தெளிவாக எழுதியிருந்தது. பிரீமியம் குழாயை எடுத்து வைத்துவிட்டு, எப்போதும்போல அவள் சொன்னாள்: "நைனா, ஜீரோ பாத்துக்கோ."

வீடு வந்து சேரும்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "எதிர்ல பஸ்ஸு வந்துச்சுன்னு சொன்ன அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ப்பா."

அடுத்த ஞாயிறு சாவியை என்னிடம் தர மாட்டாள் என்று நினைத்தேன். தூக்கிப் போட்டாள். "போ நைனா, வண்டிக்கு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டிகினு வா. ஸ்பெஷல் டீ!"

பெட்ரோல் விஷயத்தில் நான் நினைத்தது தப்பு என்பதை வெட்கப்பட்டு மறந்துவிடலாம். ஆனால் நான் திட்டு வாங்கக் கூடாதே என்று தன் வேலை போனாலும் பரவாயில்லை எனத் தலைகுனிந்து நின்ற அந்தப் பெண்ணை, நான் பெல்ட்டைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம், ஒவ்வொரு ஞாயிறும் டேங்க் மூடி திறக்கும்போது என் முன்னால் வந்து நிற்கிறது.