அட்டைக்கு ஆள் எடுக்கிறார்கள்

மன்னார் ரவுணில் இலவசத் தையல் வகுப்பு ஒன்று நடந்தது. கிழமையில் மூன்று நாள். தையல் படித்தாயா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தைத்த முதற் சட்டையில் இரண்டு கையும் ஒரே பக்கம் வந்தது. ஆனால் பத்தரை மணித் தேத்தண்ணி நேரத்தில் வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டு நாங்கள் மூன்று பேர் அளந்த கதைக்குச் சான்றிதழ் கொடுப்பதென்றால், முதற் சான்றிதழ் எனக்குத்தான்.

மூன்று பேரில் நான் தலைமன்னார்க்காரி. கடற்றொழில் குடும்பம், கொஞ்சம் வாய்க்காரி. இரண்டாவது, ரவுணுக்குப் பக்கத்துத் தாராபுரத்துக்காரி. அவளுடைய கணவர் அட்டை எடுக்கக் கடலுக்குப் போகிறவர். அவர் கடலுக்குள் தேடுவதை இவள் போனுக்குள் தேடுவாள், தினமும் ஒரு புதினத்தோடு வருவாள். மூன்றாவது ஆள் எங்கள் சின்னவள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வெள்ளாங்குளத்தில் குடியேறிய மலையகக் குடும்பம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் பஸ்ஸைப் பிடித்து ரவுணுக்கு வந்து சேர்வாள். எங்களில் ஒழுங்காகத் தைத்தது அவள் ஒருத்திதான்.

"எட்டுக்கால் பேய்க்கணவாய்க்கு மூண்டு இதயமாம்," என்றாள் தாராபுரத்துக்காரி ஒரு நாள்.

"மூண்டு இருந்தென்ன, சட்டிக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதான்," என்றேன்.

"உனக்கு ஒரு விசயத்தையும் ஆச்சரியமாக் கேக்கத் தெரியாதடி."

அவள் சொன்னது சரிதான். எனக்கு என் ஊர்ப் புதினம்தான் பெரிது. எங்கள் கரையில் நின்றால் போனுக்கு 'இந்தியாவுக்கு நல்வரவு' என்று செய்தி வந்துவிடும், கடவுச்சீட்டும் இல்லாமல் குந்தியிருந்தபடியே வெளிநாடு போகலாம் என்று நூறு தரமாவது சொல்லியிருப்பேன். சின்னவள் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள். பிறகு மெதுவாக, "எங்க வீட்டுல மேகம் கதவு வழியா உள்ள வந்துரும்க்கா, தொவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது," என்பாள். நான் நம்பவேயில்லை. எங்கள் ஊரில் காயப்போட்ட சட்டையை மத்தியானம் எடுக்க மறந்தால் பின்னேரம் அதன் நிறத்தைக் காணமாட்டோம். மேகம் வீட்டுக்குள் வருகிறதாம்.

கழுதைகள் வரும். வளவுக்குள் வந்து நின்று எங்கள் ரொட்டியைப் பார்க்கும். வெளியூர்க்காரர் மன்னார் என்றதும் கழுதையைத்தான் விசாரிப்பார்கள், அதுவும் ஒரு சிரிப்போடு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சின்னவள் முதல் நாளே கேட்டது, "இதுங்க ராத்திரிக்கு எங்கக்கா தூங்கும்?" என்றுதான். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது. அது எங்கே தூங்கும் என்று எனக்குத் தெரியாது என்பது வேறு கதை.

வகுப்பு முடிய மூன்று கிழமை இருக்கும்போது ஒரு நாள் அவள் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டட வேலைக்குப் போன கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு அடிபட்டு இரண்டு மாதமாகிவிட்டது. இனிப் பாரம் தூக்க ஏலாதாம். "வகுப்பு முடியுறதுக்குள்ள எனக்கு ஒரு வேலை கெடைக்கலன்னா அம்மா கிட்டயே போயிருவோம்க்கா. தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்து பறிக்கலாம்," என்றாள். அவள் போகக்கூடாது. வேறு காரணமில்லை, எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

"அட்டைப் பண்ணையில ஆள் எடுக்கினமாம். பொம்பிளையள்தான் வேணுமாம்," என்றேன் உடனே.

பிழை நடந்தது இந்த இடத்தில்தான். எங்கள் கரையில் அட்டை என்றால் கடலட்டை. பிஞ்சு வெள்ளரிக்காய் அளவில் மணலில் சும்மா படுத்துக் கிடக்கும். அவித்துக் காயவைத்தால் கப்பலேறிச் சீனாவுக்குப் போகும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அட்டை என்றால் கால் விரலிடுக்கில் ஏறி இரத்தம் குடிப்பது. மூன்று பேரும் தமிழ்தான் கதைத்தோம். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அட்டையவா வளர்க்குறாங்க? வேணும்னேவா?" என்று கேட்டாள்.

"வேணுமெண்டுதான். வெளிநாட்டுக்குப் போகுது. மருந்துக்கும் எடுப்பினம்."

"அதுக்கு எலும்பு இருக்காதுல்ல?"

"இல்லை."

"தொட்டா சுருங்கும்."

"ஓம், சுருங்கும். பாத்தியே, எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இருக்கிறாய்."

அவள் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தாள். "அது ரத்தம் குடிக்கும்தானே?"

தாராபுரத்துக்காரி விடுவாளா? "ஏன் குடிக்காது? பதினைஞ்சு வருசமா என்ர மனிசன்ட ரத்தத்தை அதுதானே குடிக்குது. ஆள் காஞ்சு கருவாடாப் போனார்," என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். சின்னவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. பிறகு, "வர்றேன்னு சொல்லிருங்கக்கா," என்றாள்.

பண்ணையில் இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். துணைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடல் வற்றியிருந்தது. கம்பு நட்டு வலை அடைத்த பட்டிகள் தண்ணீருக்குள் வரிசையாகத் தெரிந்தன. சின்னவளின் பைக்குள் பார்த்தால் ஒரு பெரிய பக்கற் உப்பு.

"இது என்னத்துக்கு?"

"போதும்னா எடுக்கணும்ல, அதுக்குத்தான்க்கா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உப்பு விளைகிற ஊரில், கடலுக்குள் இறங்கப் போகிறவள் கடையில் உப்பு வாங்கி வந்திருக்கிறாள். புது வேலைக்கு உப்போடு போவது மலையகத்தில் ராசியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பண்ணைப் பொறுப்பாளர் அரைக் காற்சட்டையும் தொப்பியுமாக வந்தார். வயதானவர், நல்ல மனிதர். "அட்டையைப் பற்றி ஏதும் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நேராக நின்றாள். "தெரியுங்க. மழை பேஞ்சா வெளிய வரும். வால்ல நின்னுகிட்டு தலையத் தூக்கி ஆள் வருதான்னு பாக்கும். செருப்புக்குள்ள பூந்துரும். கடிச்சா வலிக்காது, எறங்குனப்புறம்தான் ரத்தம் நிக்காது. வயிறு ரொம்புனா தானா விழுந்துரும். இழுத்துப் பிடுங்கக் கூடாதுங்க, உப்பு வச்சா விட்டுரும்."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தாராபுரத்துக்காரியைப் பார்த்தேன். அவளுக்குத்தான் முதலில் வெளித்தது. "அல்லாஹ்வே, இவள் சொல்றது மலையில இருக்கிற அட்டையையடி," என்றாள்.

அதற்குப் பிறகு யார் யாரைப் பிடிப்பது? நான் மணலில் குந்திவிட்டேன். பொறுப்பாளர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. கடைசியில் அவர் கரையிலிருந்த தொட்டிக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து வந்தார். சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஊசி போடக் கொடுப்பதுபோலக் கையை நீட்டினாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்தார். அது சுருங்கி, பீச்சென்று தண்ணீரை அடித்தது.

"கடிக்காது பிள்ளை. மண்ணைத்தான் தின்னும். நல்லாப் பயந்தா தன்ர குடலையே வெளியில தள்ளிப்போடும்," என்றார்.

"மூச்சு விடுறதும் பின்பக்கத்தாலதானாம்," என்று தாராபுரத்துக்காரி போனில் படித்ததைச் சேர்த்துக்கொண்டாள்.

சின்னவள் ஒரு கண்ணைத் திறந்தாள், பிறகு மற்றதை. கையில் கிடந்ததை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்ப எதுக்குங்க ஆளு?" என்று கேட்டாள்.

"வலை கழுவ. பட்டிக்குள்ள பூருற நண்டைப் பொறுக்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அதுக்கு ரத்தம் குடுக்கத்தான் பொம்பளைங்கள எடுக்குறாங்கன்னு நெனச்சேன்க்கா. தண்ணிக்குள்ள கால வச்சுகிட்டு எவ்வளவு நேரம் நிக்கணும்னு கேக்கத்தான் பயமா இருந்துச்சு."

தாராபுரத்துக்காரி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேப்பமரத்தின் கீழே நாங்கள் சிரித்து முடித்த இடத்திலிருந்து இவள் வீட்டுக்குப் போய், யோசித்து, சம்மதித்து வந்திருக்கிறாள்.

"அப்பிடி நினைச்சுக்கொண்டோ பிள்ளை வந்தனீங்கள்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"ஆமாங்க."

அவர் குனிந்து தொப்பியை எடுத்தார். அதிலிருந்த மணலைத் தட்டினார், நன்றாக நேரமெடுத்துத் தட்டினார். "நாளைக்கு விடிய வாங்கோ," என்றார். அவளைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

வேலை தருவதா என்று அவர் இன்னும் யோசிக்கிறார் என அவள் நினைத்திருக்க வேண்டும். அட்டையைக் கவனமாக மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவசரமாகச் சொன்னாள்:

"ரத்தம் வேணும்னாலும் பரவால்லைங்க. ரெண்டு வாரமா பீட்ரூட்டும் முருங்கக்கீரையுமாத்தான் சாப்பிட்டு வந்திருக்கேன்."