குடிக்காதவன் டிக்கெட்

பீர் விழாவுக்கு நுழைவு டிக்கெட் தொண்ணூற்றைந்து டாலர். அதில் பீர் கிடையாது. உள்ளே போய்க் குவளையைத் தனியாக வாங்கி, மணிக்கட்டில் கட்டுகிற பட்டையில் காசு ஏற்றினால்தான் முதல் மடக்கே. ஆன்லைனில் வாங்க ஒரு கட்டணம் வேறு. என் கார்டு நம்பரை நானே உட்கார்ந்து அடிக்கிறேன், அதற்கு இவனுக்கு எதற்கய்யா காசு? பகல் கொள்ளை.

ஆரம்பத்தில் இதே டிக்கெட் அறுபதுக்குக் கிடைத்தது. நான் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆனால் தக்காளி விலை இறங்கும் என்று பழகிய புத்தி, நாள் நெருங்கினால் குறைப்பான் என்று காத்திருந்தது. அவனோ வாரத்துக்கு வாரம் ஏற்றினான். ஒவ்வொரு காலையும் பல் தேய்ப்பதற்கு முன்பே போனைத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டுவேன். "போகாட்டி என்ன, குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

முழுகித்தான் இருந்தது. எனக்கு வேலை போய் ஐந்து வாரம். இன்னும் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். அது மனைவிக்கு மட்டும் தெரியும். நாங்கள் குடியிருக்கிற சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை வாசலில் நின்றால் நாலு பேர் நம்ம ஆள், விசாரிப்பார்கள். அதனால் தினமும் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, நகர மையத்து நூலகத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கிருந்த ஒரே வழி என் நண்பன். மாணவர்களாக இந்த ஊருக்கு வந்தபோது ஒரே அறையில் பாய் விரித்தவர்கள் நாங்கள். இப்போது அவன் பெரிய கம்பெனியில் டீம் லீட், நிரந்தர விசாவும் வாங்கிவிட்டான். மகளின் பள்ளிக்கூடத்துக்காக எப்சம் என்கிற பணக்காரப் பகுதியில் யானை விலை வாடகையில் இருக்கிறான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கம்பெனியில் எனக்கு ஒரு நேர்காணலாவது கிடைக்கும். போனில் கேட்க வாய் வரவில்லை. இரண்டு பீர் உள்ளே போனால் அவனுக்கு மனசு இளகிவிடும், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விழாவுக்குக் கூப்பிட்டேன். உடனே சரி என்றான்.

அவனோடு எங்கே போனாலும் கவுண்டரில் சண்டைதான். "நீ சும்மா இரு, நான் குடுக்கறேன்" என்று என் கையைத் தட்டிவிடுவான். இந்த முறை நான் முந்திக்கொண்டு, "அவனவன் டிக்கெட்ட அவனவன் எடுத்துக்கலாம்டா, வெள்ளைக்காரன் மாதிரி" என்று செய்தி அனுப்பினேன். "அதான் சரி மச்சி" என்று பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியில் எதையும் யோசிக்கவில்லை.

அந்த விழாவில் குடிக்காமல் வண்டி ஓட்டுகிறவனுக்கென்று முப்பது டாலரில் ஒரு டிக்கெட் உண்டு. அதை எடுத்துக்கொண்டேன். வண்டியே இல்லாமல் இரண்டு பஸ் மாறிப் போன ஓட்டுநர் நான். மாத்திரை சாப்பிடுகிறேன், குடிக்கக் கூடாது என்று பொய்யும் தயார்.

வாசலில் அவன் எனக்கு முன்பே நின்றிருந்தான். மெலிந்திருந்தான். வரிசையில் நகர்ந்தபடியே, "மச்சி, நான் இன்னைக்கு குடிக்கல. வயித்துல புண்ணுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ குடி" என்றான்.

மஞ்சள் சட்டை போட்ட பெண் எங்கள் இரண்டு போனையும் ஸ்கேன் செய்தாள். திரும்பவும் செய்தாள். இரண்டுமே ஓட்டுநர் டிக்கெட். கூட ஒருவராவது முழு டிக்கெட் வைத்திருந்தால்தான் இது செல்லும் என்றாள். பரவாயில்லை, யாராவது ஒருத்தர் இங்கேயே முழு டிக்கெட் எடுங்கள், இருவரும் உள்ளே போகலாம். வாசல் விலை நூற்றுப் பத்து என்று சிரித்தாள்.

என் கை பாக்கெட் பக்கம் போகவில்லை. அவன் கையும் போகவில்லை. பில்லுக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒதுங்கி வெளியே வந்துவிட்டோம். அறுபது டாலர் அங்கேயே போச்சு.

எதிரில் ஒரு தாழ்ந்த மதில்மேல் உட்கார்ந்தோம். உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவனே பேச ஆரம்பித்தான்.

"புண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. எங்க டீமையே மூடிட்டாங்க. மூணு மாசமாச்சு. வீட்ல சொல்லல."

அடப்பாவி, நீயுமா! நானும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்கிட்ட கேக்கத்தான்டா வந்தேன். உங்க ஆபீஸ்ல எதாச்சும் பாரேன். எந்த வேலையா இருந்தாலும் பரவால்ல."

"திங்கக்கிழமை போனதும் கேக்கறேன்டா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் மனசு உடையக்கூடாதென்பதற்காக என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. வெட்கம்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீயாவது நன்றாக இருக்கிறாயே, அது போதும் என்றான்.

திங்கட்கிழமை காலை நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுடைய பயோடேட்டா வந்தது. உன் மேனேஜர் வந்தாச்சா என்று கேட்டிருந்தான். இன்னும் இல்லை, பத்து மணிக்கு வருவார் என்று பதில் அனுப்பினேன்.