நவோமிக்குச் சுத்திப் போட்ட சாயங்காலம்

வேலூரில் திருஷ்டி சுத்திப் போட்டால் மிளகாய் நெடியில் தெருவே இருமும், ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெங்களூருக்கு வந்த புதிதில், லிங்கராஜபுரத்து மூன்றாவது மாடி வீட்டில், உப்பையும் மிளகாயையும் வாணலியில் போட்டேன். எதிர்வீட்டு சரோஜம்மா பதறிக்கொண்டு வந்து, "ஏனு, கேஸ் லீக்கா?" என்றார். எனக்கு அப்போது கன்னடம் வராது. கண்ணைக் காட்டி, குழந்தையைக் காட்டினேன். கண்வலி என்று நினைத்து, சொட்டு மருந்து கொண்டுவந்து கொடுத்தார். இத்தனைக்கும் நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பாஸ்டர் காதுக்குப் போகாதவரைக்கும் உப்பும் மிளகாயும் எங்கள் வீட்டில் உண்டு.

என் மகள் ஷைனிக்கு இப்போது பத்து வயது. போன மாதம் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். ஒரு வெள்ளைக்காரச் சிறுமிக்கும் ஒரு கறுப்பினச் சிறுமிக்கும் உள்ள சிநேகம்தான் கதை. இருவரும் சேர்ந்து விளையாடக்கூடாது என்பது அந்த ஊரின் கட்டுப்பாடு. தினமும் நானும் ஷைனியும் சேர்ந்து வாசித்தோம். கறுப்பினச் சிறுமி வீட்டுக்கு வந்து போனதும், வெள்ளைக்காரச் சிறுமியின் அம்மா அவள் உட்கார்ந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைக்கிற இடம் ஒன்று வரும். "சே, இவளும் ஒரு தாயா!" என்று நான் வாய்விட்டுத் திட்டினேன். ஷைனி என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஷைனியின் வகுப்புத் தோழி நவோமி முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா காங்கோவிலிருந்து இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர். நவோமி பிறந்ததே பெங்களூரில்தான். அவள் பேசும் கன்னடத்துக்கு முன்னால் என் கன்னடம் நொண்டியடிக்கும்; தமிழும் ஷைனியிடம் பழகியிருந்தாள். கிளம்பும்போது ஷைனியின் பின்னலைத் தொட்டு, "எவ்ளோ நீளம்!" என்றாள். என் கண் உப்பு டப்பாவைத் தேடியது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. அவர்களுக்காக நான் ஒருநாளும் உப்பு டப்பாவைத் திறந்ததில்லை.

அவள் படி இறங்கியதும் ஷைனியை நிற்க வைத்து, கையில் உப்பும் மிளகாயுமாகச் சுற்ற ஆரம்பித்தேன். "நவோமி கண்ணுக்காம்மா?" என்றாள். "சும்மா நில்லுடி." அவள் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்த அம்மா சேர் தொடச்சாங்களே, அது மாதிரியா?"

எனக்குப் பழைய பேருந்துப் பயணம் ஒன்று நினைவுக்கு வந்தது. காவிரிக் கலவர நாள் ஒன்றில், பேருந்தில் தமிழ் வாயில் வந்துவிடுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவன் என்னை முறைத்து, எந்த ஊர் என்று கேட்டான். வேர்த்து வழிந்த என் கையைப் பற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜம்மா சொன்னார்: "இவ்ரு நம்ம மனெயவ்ரு." எங்கள் வீட்டு மனுஷி என்று அர்த்தம். இறங்கும்வரை அவர் என் கையை விடவில்லை.

நான் நிமிர்ந்தபோது, மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காக நவோமி திரும்பி வந்து வாசலில் நின்றிருந்தாள். என் கையையே பார்த்தாள். "இது என்ன ஆன்ட்டி?"

ஷைனிதான் சொன்னாள்: "ஒண்ணுமில்ல, புள்ளைங்க நல்லா இருக்கணும்னு அம்மா பண்ணுவாங்க."

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்போ எனக்கும் பண்ணுங்க ஆன்ட்டி," என்று நவோமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஷைனியை ஒட்டி நின்றாள்.

இரண்டு தலைகளையும் சேர்த்துச் சுற்றினேன். "ஊர் கண்ணு, உறவு கண்ணு..." அதற்கு மேல் வரவில்லை. "மூணு தரம் துப்பும்மா," என்று கையை நீட்டினேன். நவோமி சிரித்துக்கொண்டே, முறை தெரியாமல், பலமாகவே துப்பினாள். உப்பில் பாதி விழுந்தது, என் மணிக்கட்டில் பாதி.

கை தானாக நைட்டியின் பக்கம் துடைக்கப் போனது. ஷைனி பார்த்துக்கொண்டிருந்தாள்.