அசையாமல் படுக்கும் உத்தியோகம்

உள்ளே ரேடியத்தை வைத்துக்கொண்டு படுப்பதைப்போல் சுலபமான உத்தியோகம் உலகத்தில் இல்லை. அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயில் கட்டி வந்து இந்த உத்தியோகத்தில் சேர்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முள்

ரேடியக் குழாய்களை வைத்துத் துணி அடைத்த பிறகு டாக்டர் ஒரு மெல்லிய குச்சியோடு வருவார். வெளியில் சொல்லக் கூசும் இடத்தில் அதைச் செருகி எடுத்து, ஒரு பெட்டியில் மாட்டி, முள் எவ்வளவு ஓடுகிறதென்று பார்ப்பார். கான்வென்டில் மதர் பாடுபட்டு ஊட்டிய நாணமெல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. எதற்கு இந்தக் கண்றாவி என்று கேட்டேன்.

"குடல்ல எவ்வளவு கதிர் ஏறறதுன்னு இந்த முள் காட்டும். குழாய் நகந்தா குடல் வெந்துடும். முள் ஏறினா உடனே ரேடியத்தைப் பாதியிலேயே எடுத்துடுவேன். அப்புறம் கட்டி பிழைச்சுக்கும், நீங்க பிழைக்க மாட்டேள்."

காப்பி

ரேடியம் உள்ளே இருக்கிறவரை அந்த அறையில் ஒருவரும் நிற்பதில்லை. ஆயா காப்பியை முக்காலியில் வைத்து, ஒட்டடைக் கொம்பால் என் பக்கம் தள்ளினாள். பாதி தரைக்குப் போயிற்று. கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன்.

"சிஸ்டரம்மாவே ஓடிக்கினு கீது, நான் மட்டும் இன்னா இளிச்சவாயியா?"

ரசப்பொடி

சாயங்காலம் என் அகத்துக்காரர் மயிலாப்பூரிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் வாசற்படி தாண்டவில்லை. ரேடியம் ஏதோ நாற்றம் போல மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏண்டி, ஆத்துல ரசப்பொடி எங்க வச்சிருக்கே? தேடிண்டே இருக்கேன்" என்றார்.

வாயால் சொன்னால் போதாதா? எனக்குத்தான் கைகாட்டாமல் சொல்ல வராதே! முழுக்க ஒருக்களித்துப் புரண்டு, அந்த மொட்டைச் சுவரில் எங்கள் சமையலறை மேல்தட்டைக் காட்டிவிட்டேன். அவர் திருப்தியாகப் போனார். பின்னாலேயே டாக்டர் குச்சியோடு வந்தார், முள் எகிறிற்று. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உடம்பு ஆறிய பிறகு மறுபடி முதலிலிருந்து.

"இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்கோம்மா."

இரண்டாம் தடவை

யாரும் கூப்பிடவில்லை. ரசப்பொடிதான் கிடைத்துவிட்டதே, அவர் எதற்கு வருவார்? உத்தரத்துப் பல்லியைப் பார்த்தபடி கட்டையாகக் கிடந்தேன். டாக்டர் வந்து வந்து பார்த்தார், முள் ஏறவில்லை. கடைசியில் குழாய்களை எடுத்ததும், சிஸ்டர் ஒன்றாவது குறைகிறதா என்று அவற்றை எண்ணப் போனாள். டாக்டர் மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"கட்டிக்கு இது போதும். உங்களுக்கும் தாங்கும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில், எனக்குள்ளே எவ்வளவு ஏறுகிறது, எது வரைக்கும் தாங்குவேன் என்று பார்த்தது அந்த முள் ஒன்றுதான்.