பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

புதுப் பிஸ்டல்கள் எங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. துப்பாக்கிக்குப் பயந்தவள் ஏன் பொலிஸில் சேர்ந்தாய் என்று கேட்கலாம். என்னைச் சேர்த்துக்கொண்டதே எனக்குத் தமிழும் சிங்களமும் எழுத வரும் என்பதற்காகத்தான். தெஹியோவிட்ட பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். அம்மா றப்பர் மரங்களில் பால் வெட்டினாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டிநிற்கும் எங்கள் லயத்தில் பொலிஸ் உடுப்புப் போட்ட முதல் பெண் என்று ஃபாதர் பூசை முடிவில் எழும்பிச் சொன்னபோது அம்மா அழுதாள். பெருமையில் பாதி, பயத்தில் பாதி.

நிலையத்தில் பெண்கள், சிறுவர் முறைப்பாட்டு மேசை என்னுடையது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு எழுதுவேன். பயிற்சிக் கல்லூரியில் ஒரு காலை வரிசையில் நிறுத்திச் சில ரவைகள் சுடவைத்தார்கள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு ரவைகூட நான் சுட்டதில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேரின் கதையும் அதுதான்.

நாட்டில் துப்பாக்கிச் சூடு தினச் செய்தியாகிப்போன காலம் இது. கைதிகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஆயுதத்தோடு போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களிடம் இருந்தவை பழைய பொயின்ட் முப்பத்தெட்டு ரக ரிவால்வர்கள். அவற்றை வாங்கிக்கொண்டு நைன் எம்.எம். பிஸ்டல்கள் தந்தார்கள். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். எப்படிப் பிடிப்பது, எப்படி ரவையை எடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஆயுத அறைக்குப் பொறுப்பாக இருந்த சார்ஜன்ட் பென்ஷனை எட்டிப் பிடிக்கிற வயதுக்காரர். மாவனல்லைக்காரர்; அங்குள்ள முஸ்லிம் கடைகளில் பழகிய தமிழ் கொஞ்சம் பேசுவார். மற்றபடி எங்கள் பேச்சு சிங்களத்தில்தான். அவருக்கு அந்தப் பிஸ்டல்கள் பிடிக்கவே இல்லை. தேநீர் நேரத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிளோடு அதே வாக்குவாதம்.

"முப்பத்தெட்டுல ஆறே ஆறு ரவை. சுட்டு முடிஞ்சா கல்லெடுத்து எறியத்தான் வேணும். இது ரெண்டு மடங்குக்கு மேல கொள்ளும் சார்," என்பான் அவன்.

"ஆறு பத்தாதவனுக்கு அறுபதும் பத்தாது. குறுக்களவு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், தெரியுமா? இதுக்கு வேகம்தான் கூட. ஊடுருவிப் போகும். போய் யார் மேல படும்னு யார் பாக்குறது?"

பிறகு என் பக்கம் திரும்பி, "ரிவால்வர்னா உருளையைத் திறந்தா எல்லா ரவையும் கண்ணுக்குத் தெரியும், நங்கி. இதுல உள்ள என்ன இருக்குன்னே தெரியல," என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

நான் சிரித்து வைத்தேன். அடுத்த மாதம் எனக்கும் கைதிகளைக் கூட்டிப்போகிற எஸ்கோட் டியூட்டி என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கறுப்பு இரும்பு என் இடுப்பில் தொங்கப்போகிறது.

அன்றைக்கு நல்ல மழை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். றப்பர்த் தோட்டத்துக்காரி, என்னைவிடச் சில வயது மூத்தவள். வாசலில் வெகுநேரம் நின்றாள். நான்தான் எழும்பிப் போய், "உள்ள வாங்கக்கா," என்று கூட்டி வந்து உட்காரவைத்தேன். என் அறை, பெரிய அறையொன்றைப் பலகையால் தடுத்துச் செய்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆயுத அறை. அவள் தடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எழுதுனா அவருக்குத் தெரியவருமா மிஸ்?"

"நீங்க முதல்ல சொல்லுங்க. எழுதுறதப் பத்தி அப்புறம் பேசுவோம்."

முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். விரல் தடங்கள் நீலம் பாய்ந்திருந்தன. "குடிச்சா இப்பிடித்தான். குடிக்காட்டியும் இப்பிடித்தான்," என்றாள்.

அந்த நேரம் எஸ்கோட் போனவர்கள் திரும்பி வந்து ஆயுதங்களை ஒப்படைப்பது தடுப்புக்கு அப்பால் கேட்டது. பேச்சுக்குரல், நாற்காலி இழுபடும் சத்தம், இரும்பு இழுபடும் சத்தம். பிறகு வெடித்தது.

எனக்கு முதலில் காது போய்விட்டது. பலகையில் ஒரு ஓட்டை. அவளுடைய தலைக்குப் பக்கத்தால் வந்த ரவை எனக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரிக்குள் போயிருந்தது. பலகைச் சிராய் ஒன்று அவள் கன்னத்தைக் கிழித்திருந்தது. அவள் கத்தவில்லை. கன்னத்தைத் தொட்டு விரலில் இருந்த இரத்தத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பி மழைக்குள் ஓடினாள். நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தெஹியோவிட்ட பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆயுத அறையில் சார்ஜன்ட் சிலைமாதிரி நின்றுகொண்டிருந்தார். வலது கையில் பிஸ்டல். இடது கையில் ரவைகளை அடுக்கும் மெகசின்.

"மெகசின் என் கையில இருக்கே," என்றார். யாரும் எதுவும் கேட்காமலே திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "பாருங்க, மெகசின் என் கையிலதானே இருக்கு."

நடந்ததை, வீடியோ பார்த்துத் தானாகவே பழகியிருந்த அந்த இளம் கான்ஸ்டபிள் விளக்கினான். முதலில் மெகசினைக் கழற்ற வேண்டும். பிறகு மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தால் குழலுக்குள் இருக்கும் ரவை வெளியே விழும். சார்ஜன்ட் மாற்றிச் செய்துவிட்டார். முதலில் இழுத்தார், ஒரு ரவை வெளியே வந்தது, மெகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறியது. அதற்குப் பிறகு மெகசினைக் கழற்றிவிட்டு, காலிதான் என்று நினைத்து விசையை அழுத்தினார்.

மாலையில் நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"வாக்குமூலம் எழுதணும். அறையில நீ மட்டும் இருந்தேன்னு எழுது. அந்தப் பொம்பள முறைப்பாடு எழுதலியே. சார்ஜன்ட் பாவம், பென்ஷன் கிட்ட. பொதுமக்கள்ல ஒருத்தருக்குக் காயம்னு போனா கதை வேற."

"நாளைக்கு எழுதித் தாறேன் சார்," என்றேன்.

மறுநாள் காலையில் சாதாரண உடுப்பில், அவள் வந்து உட்கார்ந்ததும் சொல்லியிருந்த தோட்டத்துக்குப் போனேன். பால் வெட்டு முடிந்து ஆட்கள் பாலை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளைப் பிள்ளைக்காம்பராவில் கண்டேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே பார்த்துக்கொள்கிறவள் இவளுக்குச் சிநேகிதி. இவள் தன் கன்னத்தில் ஏதோ பச்சிலை அரைத்துப் பூசியிருந்தாள்.

"எதுக்கு மிஸ் வந்தீங்க? அவரு பாத்தாருன்னா?"

"காயத்தக் காட்டுங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வேணாம்." கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "இங்க அவரு கையால அடிக்கிறாரு. அங்க வந்தா துப்பாக்கியால சுடுறீங்க. நான் எங்கதான் போறது?"

தொட்டிலில் ஒரு குழந்தை அழுதது. அவள் சிநேகிதி எழும்பி ஆட்டினாள்.

"நான் அங்க வரவே இல்லன்னு எழுதிக்கங்க மிஸ்," என்றாள்.

முந்தின நாள் ஓ.ஐ.சி. கேட்டதையே இவளும் கேட்கிறாள். அவருக்கு சார்ஜன்ட்டைக் காப்பாற்ற வேண்டும். இவளுக்குத் தன் உயிரை. அப்படியே எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ரவை ஆளில்லாத அறைக்குள் போனதாக ஆகிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறமாதிரி ஓட்டையை அடைத்துவிட்டு எல்லாரும் மறந்துபோவார்கள். உண்மையை எழுதினால் விசாரணைக்கு இவளைத் தேடி வருவார்கள், புருஷனுக்குத் தெரிந்துவிடும். எதைச் செய்தாலும் யாருடைய கழுத்திலோ போய் நிற்கிறது.

"உங்களுக்குப் போக வேற இடம் இருக்காக்கா?"

"கஹவத்தையில அக்கா இருக்கா. தேயிலத் தோட்டத்துல."

"அங்க போங்க. நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

"உங்க பெரியவரு சும்மா இருப்பாரா?"

"அது என் பாடு."

சும்மா இருக்கவில்லை. வாக்குமூலம் எங்கே என்று ஓ.ஐ.சி. வந்த வேளையும் போன வேளையும் கேட்டார். காய்ச்சல் என்றேன், தலைவலி என்றேன். அவர் குரல் தடித்துக்கொண்டே போனது. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், அந்தப் பெண்ணைப் புருஷன் பிடித்துக்கொண்டான் என்ற செய்திதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். கடைசியில் பிள்ளைக்காம்பராக்காரி பேசினாள். "போய்ச் சேந்துட்டா மிஸ். அக்காவோட அந்தப் பக்கத்துப் பொலிஸுக்கே போயிக் குடுத்துட்டா."

அன்றைக்கு உட்கார்ந்து எழுதினேன். அறையில் ஒரு பெண் இருந்தாள், அவளுக்குக் காயம் பட்டது என்று எழுதினேன். பிஸ்டல்கள் வந்த நாளிலிருந்து அவற்றைக் கையாள எங்களில் யாருக்கும் பயிற்சி தரப்படவில்லை என்பதையும் சேர்த்தேன். ஓ.ஐ.சி. வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே கையொப்பம் வைத்தார்.

விசாரணைக்கு ஏ.எஸ்.பி. ஒருவர் வந்தார். என் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர், சட்டென்று ஒரு பிஸ்டலை மேசைமேல் வைத்தார். பயிற்சிக்கான போலி ரவை போட்டது.

"பயிற்சி இல்லேன்னு எழுதியிருக்கே. அப்ப நீ இத எப்படிக் காலி பண்ணுவே? செய்து காட்டு."

முறை எனக்குத் தெரியும். அந்தக் கான்ஸ்டபிள் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. ஆனால் பிஸ்டலைக் கையில் எடுத்ததும் விரல்கள் என்னுடையவை இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேல்பகுதியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். போலி ரவை ஒன்று மேசையில் உருண்டது. மெகசின் இன்னும் பிடிக்குள்ளேயே இருந்தது.

ஏ.எஸ்.பி. பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டு நீண்ட நேரம் எழுதினார்.

சார்ஜன்ட்டுக்குத் தண்டனை இடமாற்றம். பென்ஷனில் கைவைக்கவில்லை. பெட்டியோடு கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று எழும்பி நின்றேன்.

"எனக்கு யாரும் சொல்லித் தரலன்னும் எழுதினியாமே?"

"எழுதினேன் சார்."

"ம்." தடுப்பில் அடித்திருந்த புதுப் பலகையைப் பார்த்தார். "அந்தப் பொம்பளைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்னு தமிழ்ல சொல்லு. நான் பேசினா அவளுக்கு விளங்காது."

சொன்னேன். தொலைபேசியில் அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "புருஷனுக்குக் கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கு, கிட்ட வரக்கூடாதுன்னு. இங்க கொழுந்து எடுக்கப் போறேன்," என்றாள்.

எங்களுக்கும் பயிற்சி வந்தது. ஒரே ஒரு நாள். காலையில் கழற்றிப் பூட்டுவது. மத்தியானம் மலையடிவாரத்தில் அட்டைக்குச் சுடுவது. சுடுமுன்பே கண்ணை மூடிவிடுகிறேன் என்று பயிற்சி கொடுத்தவர் கண்டுபிடித்தார். என் ரவைகளில் பாதிக்கு மேல் அட்டையில் படாமல் மண்ணில் புதைந்தன. ஆயினும் "பாஸ்" என்றார்.

"இன்னொரு முறை சுட்டுப் பாக்கவா சார்?"

"ரவை முடிஞ்சுது நங்கி. பின்னால இன்னும் ஆள் நிக்குது."

"அடுத்த பயிற்சி எப்ப?"

"அறிவிப்பாங்க."

இப்போது எஸ்கோட் போகிறேன். நீதிமன்ற வாசலில் சனம் நெருக்கும்போது ஒரு கையால் கைதியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிஸ்டல் உறையை மூடிக்கொள்கிறேன். என்னைச் சுற்றி நிற்கிறவர்கள் பொலிஸ் பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் நிற்கிறார்கள். நான் சுட்டால் ரவை யார் மேல் போய்ப் படும் என்று, அவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் பார்த்துக்கொண்டே நடக்கிறேன்.