தொப்பியைக் கழற்றிய கௌபாய்

இன்று கராஜில் கிடந்த பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: “அம்மா, ஹூ இஸ் திஸ் பேங்க் மேனேஜர் அங்கிள்?”

பேங்க் மேனேஜரா! முரட்டுக் காளை மேல் சவாரி செய்த கௌபாய் அவர்.

எண்பத்தாறில், டெக்சஸில் பேர்லேண்ட் பக்கம் ஒரு ரோடியோ, அதாவது காளைச் சவாரிப் போட்டி. வேலியோரம் ஓர் ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். என் பிலிம் ரோலில் ஒரே ஒரு படம்தான் பாக்கி.

“முகத்துல நிழல் விழுது. தொப்பியைக் கழட்டச் சொல்லு” என்றார் கணவர். நம்மூர் ஸ்டூடியோ சட்டம்!

சொன்னேன். மறுபேச்சில்லாமல் கழற்றினார். உள்ளே பளபளவென்று வழுக்கை. இருந்த நாலு முடியை வாரிவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்.

ஓவியர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். “மூணு நாளா வரையறேன். உனக்கு வழுக்கைன்னு இப்பதான்யா தெரியுது!”

“அந்தம்மா கேட்டாங்க, கழட்டினேன். நீ கேட்கலையே” என்றார் கௌபாய்.

அந்த ஓவியம் எந்தச் சுவரில் தொங்கினாலும் அதில் தொப்பி இருக்கும். டெக்சஸிலேயே தொப்பியில்லாத ஒரே கௌபாய் என் கராஜில்தான் இருக்கிறார்.

உங்கள் ஆல்பத்தில் இப்படி மாட்டிக்கொண்டவர் யார்?