எலி சபையில் கேட்ட கேள்வி

என் சித்தி ஒரு கார்ட்டூன் எலிக்குக் குரல் கொடுப்பவர். குழந்தை சாப்பிட அடம்பிடித்தால் முக்கால்வாசி வீடுகளில் அந்த எலியைத்தான் டிவியில் போட்டுவிடுவார்கள். ஆனால் அது யார் குரல் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஓடும் பெயர்களில் சேனல் மேலாளர் வருவார், ஆலோசகர் என்று அவர் பையனும் வருவான். குரல் கொடுத்தவர்கள் மட்டும் வரமாட்டார்கள்.

அதனால்தான், டிவித் துறை மாநாட்டில் பேசக் கூப்பிட்டதும் சித்தி உடனே ஒத்துக்கொண்டார். "ரூமுக்குள்ள கேட்டா சிரிச்சே மழுப்பிடுறாங்கடா. சபையில கேக்குறேன், பாரு."

அரங்கில் ஒலி பார்த்துக்கொள்ள, சித்தி டப்பிங் பேசும் எங்கள் ஸ்டூடியோ என்னைத்தான் அனுப்பியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், சவுண்ட் எஞ்சினியர். எதை எழுதினாலும் இதை ஓரமாகச் சேர்த்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் ஆடி அசைந்து பேசி முடித்தார். அடுத்தது சித்தி. மைக்கைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. டப்பிங் அறையில் திரையில் படம் ஓடும், காதில் மூன்று முறை 'பீப்' அடிக்கும், பிறகுதான் வாய் திறக்க வேண்டும். வருடக்கணக்கில் ஊறிப்போன பழக்கம்.

"ஆரம்பிக்கலாமே மேடம்?" என்றார் தொகுப்பாளர்.

"பீப் வரலைங்களே," என்றார் சித்தி, மைக்கிலேயே. சபை கொல்லென்று சிரித்தது. சித்தியின் முகம் சுண்டிப்போனது.

என் லேப்டாப்பில் எலியும் பூனையும் சண்டை போடும் காட்சி ஒன்று இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பெரிய திரையில் ஓடவிட்டேன். மூன்று பீப்பும் அடித்தேன். அவ்வளவுதான்! சித்தி சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

இடுப்பில் கை வைத்து எலி வாயைத் திறந்தது. "ஏம்பா பூனை, கத்திக் கத்தி என் தொண்டை கிழிஞ்சுபோச்சு. உன் பேரு வருது, உன் பையன் பேரும் வருது. எங்க பேரெல்லாம் எங்கப்பா போச்சு?"

பூனை வாயசைத்ததும் சித்தியின் குரல் கரகரப்பாக மாறியது. "அது வந்து... இடம் பத்தலைம்மா."

"உன் வயித்துல மட்டும் இடம் பத்துதாக்கும்?"

ஒரு சொல்லும் வாயசைவைவிட்டு விலகவில்லை. மேலாளர் தன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகச் சிரித்தார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

"போட்டுடலாம்மா, போட்டுடலாம்," என்றார்.

"எப்போலேருந்து சார்?"

"பாக்கலாம்..."

"பாத்தீங்களா, பூனை மாதிரியே பேசுறீங்க."

மறுபடியும் சிரிப்பு. மேலாளர் மைக்கை இழுத்தார். "அடுத்த மாசத்துலேருந்து! எல்லார் பேரும்! போதுமாம்மா?"

மேடையிலிருந்து இறங்கிய சித்தி நேராக என் மேஜைக்கு வந்து, என் தலையில் செல்லமாகக் குட்டிவிட்டு, பூனைக்குக் குரல் கொடுப்பவருக்குப் போன் போட்டார். "அண்ணே, ஜெயிச்சாச்சு! நம்ம பேரெல்லாம் வருது! உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கொடுக்கணும்." மறுமுனையில் என்ன கேட்டாரோ, சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, கோவிச்சுக்காதீங்கண்ணே! என் போன்ல இன்னிவரைக்கும் நீங்க வெறும் பூனைதான்."